பயிற்சிக்கு அனுப்புகிறவளுக்குப் பயிற்சி

பாலிடெக்னிக்கில் பாடம் மட்டும் நடத்துகிறவர்களுக்கு மாணவர்களால் மட்டுமே தொல்லை. அந்த மாணவர்களை வேலை பழக வெளியே அனுப்புகிற பொறுப்பும் சேர்ந்துகொண்டால் மாணவர்கள், பெற்றோர், முதலாளிகள், முதல்வர், போதாததற்கு இவர்களை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக்கொடுக்க வருகிற பயிற்சியாளர்கள் என்று தொல்லை ஐந்தாகிவிடும்.

நான் அறந்தாங்கிக்கு வெளியே ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் விரிவுரையாளர். எங்கள் இறுதியாண்டுப் பிள்ளைகள் கடைசி செமஸ்டரில் ஏதாவது ஒரு நிறுவனத்தில் வேலை பழக வேண்டும். இத்தனை மணி நேரம் என்று கணக்கு உண்டு. அது நிறையாவிட்டால் டிப்ளமோ கைக்கு வராது. இடம் தேடிப் பிடிப்பது, கொண்டுபோய் விடுவது, அவ்வப்போது போய்ப் பார்ப்பது, தகராறு வந்தால் தீர்ப்பது எல்லாம் இன்டர்ன்ஷிப் கோஆர்டினேட்டர் என்கிற ஆளின் வேலை. அந்த ஆள் நான். வேறு கல்லூரிகளில் இதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. நமக்கு மட்டும்தான் இப்படியோ என்று ஒரு சந்தேகம் வரும் பாருங்கள், அதற்காக எழுதுகிறேன்.

தகுதி

எனக்கு முன்னால் இந்தப் பொறுப்பைப் பார்த்த மெக்கானிக்கல் சார் கத்தாருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். கிளம்புகிற அன்று என் மேசைப் பக்கம் வந்து, "மனசுல வச்சுக்காதீங்க மேடம்" என்றார். எதை என்று அப்போது புரியவில்லை. மறுநாள் முதல்வர் அறையில் புரிந்தது.

பொய் சொல்வானேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை வருடமாக மின்மாற்றியையும் மோட்டாரையும் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தவளுக்கு வெளியே நாலு இடம் போகிற வேலை. என்னிடம் ஏதோ திறமையைக் கண்டுபிடித்திருக்கிறார் என்று நினைத்து, "என்னைய ஏன் சார் செலக்ட் பண்ணீங்க?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். முதல்வர் நல்ல மனிதர், ஒளிவுமறைவு தெரியாதவர்.

"மத்தவங்க எல்லாரும் மாட்டேன்னுட்டாங்க மேடம். ஒங்ககிட்டதான் இன்னும் கேக்கல."

பார்க்கிங்

பொறுப்பு வந்த மாதமே திருச்சியில் பயிற்சி. கோஆர்டினேட்டர்களுக்கான திறன் மேம்பாடு என்று பெயர். ஹோட்டல் ஹாலில் ஏசி போட்டு, ஆளுக்கொரு பலூனைக் கையில் கொடுத்தார்கள். அந்த பலூன்தான் மாணவனாம். அது தரையில் விழாமல் எல்லோரும் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் ஆன பேராசிரியர்கள் மூச்சிரைக்க பலூன் தட்டினோம். என் பக்கத்தில் கீரனூர்ப் பக்கத்துப் பாலிடெக்னிக்கிலிருந்து வந்த முருகேசன் சார் நின்றார். சிவில் துறை. நான் போகிற பயிற்சிக்கெல்லாம் அவரும் வருவார் என்பதும், அவருக்கு இந்த பலூன் பழக்கமானது என்பதும் பிறகு தெரிந்தது. ஒரே இடத்தில் நின்று விரல் நுனியால் அலட்டிக்கொள்ளாமல் தட்டிக்கொண்டிருந்தார்.

கேள்வி கேட்கலாம் என்றார்கள். நான் எழுந்து, "எங்க பக்கம் பெரிய கம்பெனி கெடையாது. இருக்கிற சின்னப் பட்டறைக்காரங்க பிள்ளைகளைச் சேத்துக்க மாட்டேங்கிறாங்க. சேத்துக்கிட்டாலும் வேலையக் காட்ட மாட்டேங்கிறாங்க. அவங்களுக்கும் நம்மளால ஒரு ஆதாயமும் இல்ல. என்ன சொல்லி ஒத்துக்க வைக்கிறது?" என்று கேட்டேன். பயிற்சியாளர் கை தட்டினார். மிக நல்ல கேள்வி என்றார். சுவரில் ஒட்டியிருந்த பெரிய தாளில் 'பார்க்கிங்' என்று தலைப்பு இருந்தது. என் கேள்வியை அதில் எழுதி, இதைக் கடைசி நாள் எடுத்துக்கொள்வோம் என்றார். கடைசி நாள் குரூப் போட்டோ எடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், அந்தத் தாளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். முருகேசன் சார் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தார்.

"வண்டிய நிறுத்தியாச்சு மேடம். சாவிதான் யாருகிட்டன்னு தெரியல."

நாற்காலி

அந்த வருடம் எலெக்ட்ரிகல் இறுதியாண்டில் ஒரே ஒரு பெண், அபிநயா. மணமேல்குடிக்கு உள்ளே ஒரு கிராமம். அப்பா மீன் பெட்டி ஏற்றுகிற லோடு ஆட்டோ ஓட்டுகிறார். லேபில் மோட்டார் ஓடாவிட்டால் பையன்கள் என்னைக் கூப்பிடுவார்கள். இவள் கூப்பிட மாட்டாள், மூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். புதுக்கோட்டையில் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிற பட்டறை ஒன்றில் நான் கெஞ்சிக் கூத்தாடி இவளுக்கும் இரண்டு பையன்களுக்கும் இடம் பிடித்தேன். விடிவதற்கு முன் எழுந்து இரண்டு பஸ் மாறிப் போய் வந்தாள்.

ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். பையன்கள் உள்ளே போர்வெல் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அபிநயா முன்னறையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து போன் எடுத்துக்கொண்டிருந்தாள். யார் மோட்டார் எப்போது ரெடியாகும் என்று பதில் சொல்வதும், பிளாஸ்க்கில் டீ வாங்கி வைப்பதும் அவள் வேலை. முதலாளி எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். "உள்ள எல்லாம் கிரீஸும் வார்னிஷும் மேடம். ஆம்பளைப் பயலுக வாயில வர்ற பேச்சு வேற. எங்க வீட்டுப் புள்ளையாட்டம் ஃபேனுக்கடியில உக்கார வச்சிருக்கேன்" என்றார். அவர் வஞ்சகமாகச் சொல்லவில்லை, நல்லது செய்வதாகவே நம்பினார். கிளம்பும்போது அபிநயா ஸ்கூட்டி வரைக்கும் வந்தாள்.

"அவங்க வீட்டுப் புள்ள இப்ப நீட் கோச்சிங் போகுது மேடம். அது உக்காந்திருந்த சேருதான் இது."

முதலாளி வேடம்

அடுத்த பயிற்சி தஞ்சாவூரில். இந்த முறை நடிப்பு. ஒருவர் முதலாளி, ஒருவர் கோஆர்டினேட்டர். மாணவிக்கு வேலை காட்டாத முதலாளியிடம் எப்படிப் பேசி வழிக்குக் கொண்டுவருவது என்று செய்து காட்ட வேண்டும். எனக்கு முதலாளி வேடம் கொடுத்தார்கள். கோஆர்டினேட்டராக வந்தது அந்த வருடம்தான் வேலையில் சேர்ந்த ஒரு சின்னப் பெண். சான்றிதழ் வைக்கிற பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே மேடை ஏறினாள்.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. புதுக்கோட்டைப் பட்டறைக்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன். கிரீஸு, வார்னிஷு, எங்க வீட்டுப் புள்ளையாட்டம், ஃபேனுக்கடியில. அந்தப் பெண் கையேட்டில் உள்ளபடி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். நிறுவனத்துக்கும் நன்மை என்றாள். "என்ன நன்மைன்னு சொல்லும்மா" என்றேன். சமவாய்ப்பு என்றாள். "நாளைக்கு ஒரு ஷாக் அடிச்சா ஒங்க காலேஜா வந்து நிக்கும்?" என்றேன். ஹாலே சிரித்தது, கை தட்டியது. பயிற்சியாளர் ஓரத்தில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்கே நிறுத்த முடியவில்லை. அவரைவிடப் பெரிய முதலாளியாகிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. கைதட்டலுக்கு நடுவில் என் பக்கமாகக் குனிந்து, மைக்கில் விழாமல் கேட்டாள்.

"அடுத்து நான் என்ன மேடம் சொல்லணும்? நெசமாவே தெரியல."

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால்

தஞ்சாவூரில் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றை மட்டும் நம்பி எடுத்துக்கொண்டு வந்தேன். எதிராளியைக் குற்றம் சொல்லிப் பேசக் கூடாதாம். 'நீங்கள் இப்படிச் செய்கிறீர்கள்' என்று தொடங்காமல், 'எனக்கு இப்படி இருக்கிறது' என்று தொடங்க வேண்டுமாம். அப்படித் தொடங்கினால் எப்பேர்ப்பட்டவரும் இளகிவிடுவார்களாம்.

பட்டறைக்காரரிடம் போய் அப்படியே தொடங்கினேன். "எனக்குக் கொஞ்சம் வருத்தமா இருக்குங்க. அபிநயா காயில் கட்டக் கத்துக்காமப் போயிருமோன்னு எனக்குக் கவலையா இருக்குங்க." அவர் உடனே வாடிப்போனார். டீ சொல்லி அனுப்பினார். நான் குடித்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பயிற்சி வேலை செய்கிறது என்றுதான் அறந்தாங்கி வரும்வரை நினைத்துக்கொண்டு வந்தேன். நான் வந்து சேர்வதற்குள் அவர் கல்லூரிக்குப் போன் போட்டிருந்தார். பையன்கள் இருக்கட்டும், அந்தப் பெண்ணை மட்டும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், இனிமேல் பெண் பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். முதல்வர் என்னைக் கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"அவரு மனசொடிஞ்சு பேசுறாரு மேடம். ஒங்க வருத்தத்தையெல்லாம் அவருகிட்ட போயி ஏன் சொன்னீங்க?"

கேமரா

செமஸ்டர் பாதியில் அபிநயா வீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் ஸ்கூட்டியில் இடம் தேடி அலைந்தேன். அரிசி ஆலையில் சீசன் முடிந்தது என்றார்கள். ஜெனரேட்டர் சர்வீஸ் கடையில் பாத்ரூம் இல்லை என்றார்கள். அது நியாயமான காரணம். கடைசியில் அவள் அப்பாவே வழி சொன்னார். கோட்டைப்பட்டினத்தில் அவர் லோடு ஏற்றுகிற ஐஸ் கம்பெனி இருக்கிறது. படகுகளுக்கு ஐஸ் அடிக்கிற இடம். "பெரிய பெரிய மோட்டாரு ஓடுது டீச்சர். மேனேஜர் பாய் நல்ல மனுசன். நம்ம கண்ணு பார்வையிலயும் இருக்கும்" என்றார்.

நான் போன நேரம் பார்த்து ஆன்லைன் பயிற்சி. தலைப்பு, எல்லோரையும் உள்ளடக்கிய பணியிடக் கற்றல். கேமராவை அணைத்தால் வருகைப்பதிவு கிடையாது என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். ஒரு கையில் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டே ஐஸ் கம்பெனிக்குள் நுழைந்தேன். கம்ப்ரசர் சத்தத்தில் காது கிழிந்தது. "மேடம், தயவுசெஞ்சு மியூட் பண்ணுங்க" என்று போனுக்குள்ளிருந்து குரல் வந்தது. மியூட் செய்துவிட்டு, திரையைப் பார்த்துத் தலையாட்டியபடியே மேனேஜர் ரஹீம் பாயிடம் அபிநயாவுக்காகப் பேசினேன். அவர் அவளுடைய அப்பாவை விசாரித்தார், பஸ் நேரம் கேட்டார், தொழுகை நேரத்தில் தான் இருக்க மாட்டேன் என்றார், திங்கட்கிழமை வரச் சொன்னார். அவ்வளவுதான், வேலை முடிந்தது. இத்தனை மாத அலைச்சலில் இவ்வளவு சுலபமாக யாரும் சரி சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்தது. கேமரா இருந்ததால் அடக்கிக்கொண்டேன். ரஹீம் பாய் என் போனில் கட்டம் கட்டமாகத் தெரிந்த முகங்களை எட்டிப் பார்த்தார்.

"இவங்கள்லாம் யாருமா? ஒங்களைய இப்படி விடாமப் பாத்துக்கிட்டே இருக்காங்க?"

எனக்கும் தொழிற்சாலை

பாடம் நடத்துகிறவர்களும் தொழிற்சாலை அனுபவம் பெற வேண்டும் என்று அந்த வருடம் புதிய யோசனை வந்தது. கோஆர்டினேட்டர்கள் இரண்டு வாரம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். நான் கோட்டைப்பட்டினத்தையே கேட்டு வாங்கிக்கொண்டேன். அபிநயாவையும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு.

பழைய சுடிதாரில், கைப்பையில் டெஸ்டரோடு போனேன். ரஹீம் பாய் விடவில்லை. "நீங்க டீச்சரு. நீங்க போயி ஈரத்துல நிக்கிறதா?" என்று ஆபீஸ் அறையில் உட்கார வைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அபிநயா தெரிந்தாள். முழங்கால் வரைக்கும் கம் பூட்ஸ், தலையில் முக்காடு மாதிரித் துண்டு. வோல்டேஜ் இறங்கினால் என்ன செய்வது, ஜெனரேட்டருக்கு எப்போது மாற்றுவது, பேனலில் எந்தச் சத்தம் வந்தால் கையை எடுத்துவிட வேண்டும் என்று ஆபரேட்டர் அவளுக்குச் சொல்ல, அவள் செய்துகொண்டிருந்தாள். ஒரு தடவை மோட்டார் நின்று, அவள் ஸ்டார்ட்டரை மறுபடி போட்டு, அது எடுத்து ஓடியதும் யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நான் பார்த்தேன். இந்த வேலைக்கு வந்ததில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு பிற்பகல்தான் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரத்தில் அபிநயா அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பாய் கரைக்குப் போயிட்டாரு மேடம். போன் வந்தா நீங்க எடுத்துச் சொல்லிருங்க, நான் அங்கிட்டு வேலையா இருக்கேன்."

ரிஸ்க்

மாசியில் படகுகள் நின்றன. கடலுக்குப் போன சிலரை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று கரையெல்லாம் காலவரையற்ற வேலைநிறுத்தம். படகு போகாவிட்டால் ஐஸ் எதற்கு? கம்ப்ரசரை நிறுத்தினார்கள். வேலைநிறுத்தம் முடிகிற நேரத்துக்கு மீன்பிடித் தடைக்காலம் நெருங்கிவிட்டது. ரஹீம் பாய் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அபிநயாவுக்கு மணிக்கணக்கு பாக்கி இருந்தது. நான் முதல்வரைக் கேட்டேன், அவர் மேலே கேட்கச் சொன்னார். மேலே போன் எடுத்தவர், விதியில் மீன்பிடித் தடை என்று ஒரு காரணம் இல்லை, காய்ச்சல் என்றால் டாக்டர் சர்டிபிகேட்டோடு பரிசீலிக்கலாம் என்றார்.

அந்த வாரமே மதுரையில் இன்னொரு பயிற்சி. இடைவேளையில் பயிற்சியாளரைத் தனியாகப் பிடித்தேன். கோட் போட்ட, மரியாதையான மனிதர். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். படகு, சிறைப்பிடிப்பு, போராட்டம், ஐஸ், பெண், மணிக்கணக்கு. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பிச்சை கேட்பது போல இருந்தது. அவர் யாரிடமாவது பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாயசக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்.

"இதையெல்லாம் வருசத் தொடக்கத்துலயே ரிஸ்க் பிளான்ல போட்டிருக்கணுமே மேடம்?"

மணமேல்குடி

அடுத்த வருடம் ஜூனியர்களோடு சேர்ந்து மறுபடி முதலிலிருந்து செய்யலாம் என்று முடிவு வந்தது. அதைச் சொல்ல நானே வீட்டுக்குப் போனேன். போனில் சொல்ல மனம் வரவில்லை. அபிநயாவின் அப்பா லோடு ஆட்டோவுக்குக் கீழே படுத்திருந்தவர் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். சத்தம் போடவில்லை. "இவளுக்கு வேலை தெரியலன்னு சொன்னாங்களா டீச்சர்?" என்றார். இல்லை என்றேன். "சரியாப் போகலன்னு சொன்னாங்களா?" அதுவும் இல்லை என்றேன். "அப்ப என்னதான் சொல்றாங்க?" என்றார். விதி என்றேன். அந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கம் இன்னொரு அர்த்தமும் உண்டு. அவர் அந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு தலையாட்டினார். அபிநயாவின் அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அபிநயா கதவோரம் நின்று, "சரிங்க மேடம், அடுத்த வருசம் பாத்துக்கிறேன்" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிற தொனியில் சொன்னாள்.

அடுத்த வருடம் வரை அவள் காத்திருக்கவில்லை. ஊரிலிருந்து சில பெண்கள் சென்னைப் பக்கம் ஒரு செல்போன் தொழிற்சாலைக்கு வேலைக்குக் கிளம்பினார்கள். ஹாஸ்டல் உண்டு, பஸ் உண்டு, பத்தாவது பாஸ் போதும். வேனில் ஏறிப் போய்விட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்தான் கூப்பிட்டேன். எப்படியிருக்கிறாய், என்ன வேலை, டிப்ளமோவை முடிக்க வருவாயா என்று வரிசையாகக் கேட்டேன். பின்னால் நிறையப் பெண் குரல்கள் கேட்டன; யாரோ துணி காயப்போட இடம் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசிக் கேள்விக்கு அவள், ஒரு நிமிஷம் மேடம் என்று அந்தச் சண்டையை விலக்கப் போய்விட்டு வந்தாள். வேலை கஷ்டமா என்று மட்டும் மறுபடி கேட்டேன்.

"இல்லங்க மேடம், ஒரே ஸ்க்ரூதான். நமக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்க வேணாம்."

வெற்றிக் கதை

போன மாதம் பயிற்சி எங்கள் மாவட்டத்திலேயே நடந்தது. ஒவ்வொரு கல்லூரியும் ஒரு வெற்றிக் கதை சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். முதல்வருக்கு அபிநயாவின் புகைப்படம் பிடித்துவிட்டது. ஐஸ் கம்பெனியில் கம் பூட்ஸோடு பேனல் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறாளே, நான் எடுத்த படம். கடலோரக் கிராமத்துப் பெண், கனரக மோட்டார், ஆண்கள் மட்டுமே வேலை செய்த இடம். இதைவிட என்ன வேண்டும் என்றார். "அவ முடிக்கல சார்" என்றேன். "போட்டோ எடுத்த அன்னைக்கு வேலை பாத்துக்கிட்டுதானே மேடம் இருந்துச்சு?" என்றார். படத்தை ஸ்லைடில் அவரே போட்டுக் கொடுத்தார்.

மேடையில் ஏறிப் படத்தைக் காட்டினேன். முதலில் எழுதிக்கொடுத்ததைத்தான் படித்தேன். பிறகு என்னவோ, அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றதில் மீதியையும் சொல்லிவிட்டேன். போன் எடுக்க வைத்தது, திருப்பி அனுப்பியது, படகு நின்றது, மணிக்கணக்கு நிறையாதது, ஸ்க்ரூ. சொல்லி முடித்தபோது யாரும் கை தட்டவில்லை. திட்டவும் இல்லை. முன்வரிசையில் முதல்வர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் மைக்கை வாங்கி, மனதைத் தொட்ட பகிர்வு என்று நன்றி சொல்லி, அடுத்த கல்லூரியைக் கூப்பிட்டார். டீ இடைவேளையில் அதுவரை நான் பார்த்தேயிராத ஒரு விரிவுரையாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டே வந்தார். பாராட்டப் போகிறாரோ, கண்டிக்கப் போகிறாரோ என்று நின்றேன்.

"மேடம், அந்த ஐஸ் கம்பெனி பாய் நம்பர் கொஞ்சம் குடுங்க. இப்ப அங்க எடம் காலியாத்தானே இருக்கும்? எங்க காலேஜ்லயும் ஒரு பொண்ணு வீட்ல உக்காந்திருக்கு."

ஆக, பிள்ளைகளை வேலைக்குத் தயார் செய்கிற எங்களைத் தயார் செய்ய ஹால் இருக்கிறது, ஏசி இருக்கிறது, பாயசத்தோடு சாப்பாடும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் நின்று வேலை பழக ஓர் இடம் மட்டும் கிடைத்துவிட்டால், நாங்கள் இதுவரை கற்றுக்கொண்டது என்ன என்று தெரிந்துவிடும்.